பிரிந்து வாழும் பெற்றோர்: 2025 ரிட்டர்னில் குழந்தையை யார் காட்டுவது?

தென்காசிக்காரன் கேட்டது:

தங்கைக்காகக் கேட்கிறேன். அமெரிக்க வரி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தங்கையும் அவள் கணவரும் நியூ ஜெர்சியில் இருக்கிறார்கள். 2025 மே 31 அன்று மாப்பிள்ளை தனி அபார்ட்மென்ட் பார்த்துக்கொண்டு போய்விட்டார். டைவர்ஸ் கேஸ் நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை. ஒரே மகள், வயது 7, அங்கேயே பிறந்தவள். திங்கள், செவ்வாய் இரவு அம்மாவிடம். புதன், வியாழன் அப்பாவிடம். வெள்ளி முதல் ஞாயிறு வரை ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவர். ஜூலையில் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்து 35 இரவு இருந்துவிட்டுப் போனாள்.

தங்கைக்கு ஹெச்-4 இஏடி (துணைவர் விசாவில் வேலை பார்க்கும் அனுமதி), சம்பளம் 90,000 டாலர். மாப்பிள்ளைக்கு 1,40,000. பழைய வீட்டிலேயே தங்கையும் மகளும் இருக்கிறார்கள், வாடகை 2,400. மே வரை வீட்டுச் செலவு எல்லாம் மாப்பிள்ளை கணக்கிலிருந்து போனது, ஜூனிலிருந்து தங்கை கட்டுகிறாள். மாப்பிள்ளை ஆபீஸில் டிபென்டென்ட் கேர் எஃப்எஸ்ஏ (குழந்தைப் பராமரிப்புச் செலவுக்குச் சம்பளத்திலிருந்து வரியில்லாமல் ஒதுக்கும் பணம்) 5,000 டாலர் பிடித்திருக்கிறார்கள்.

"கஸ்டடி பாதிக்குப் பாதி, அதனால் ஒரு வருஷம் நான், ஒரு வருஷம் நீ. இந்த வருஷம் நான் காட்டுகிறேன், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டும் நானே போட்டுக்கொள்கிறேன்" என்கிறார் மாப்பிள்ளை. (ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் என்பது குழந்தையோடு தனியாகக் குடும்பம் நடத்துபவருக்கான, வரி குறைவாக வரும் ரிட்டர்ன் வகை.) வக்கீல் அனுப்பிய வரைவு ஒப்பந்தத்திலும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் என்றுதான் இருக்கிறது. இது சரியா? இல்லை, இந்த ஒரு வருடம் கூட்டாகவே போட்டுவிட்டால் வரி குறையுமா?

---

கணக்குப்பிள்ளை:

கஸ்டடி பாதிக்குப் பாதி என்பது கோர்ட் பாஷை. ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) பார்ப்பது, குழந்தை எத்தனை இரவு யாரிடம் இருந்தது என்பதை மட்டும்தான். யாரிடம் இரவுகள் அதிகமோ அவர்தான் கஸ்டோடியல் பேரன்ட், குழந்தையைக் காட்டும் உரிமை அவருக்கு. எண்ணிக்கை துல்லியமாகச் சமமாக வந்தால்தான் ஏஜிஐ (சில கழிவுகள் போன மொத்த வருமானம்) அதிகம் உள்ளவர் பக்கம் சாயும்.

வருட நடுவில் பிரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் அடிக்கடி தவறிப்போகிறது. மூவரும் ஒரே வீட்டில் இருந்த ஜனவரி முதல் மே வரையிலான இரவுகளை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பிரிந்த பிறகு மிஞ்சிய இரவுகளைத்தான் எண்ண வேண்டும். ஜூன் 1 முதல் டிசம்பர் 31 வரை 214 இரவு. அட்டவணைப்படி ஆளுக்கு 107. டிசம்பர் 31 ராத்திரி எங்கே படுத்தாளோ அது 2025 கணக்கில்தான் சேரும்.

ஊருக்கு வந்த 35 இரவுதான் இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது. வீட்டில் தூங்காவிட்டாலும் அப்பா, அம்மாவில் ஒருவரோடு இருந்தால் அந்த இரவு அவர் கணக்கு. அந்த 35-இல் ஏறக்குறைய 17 இரவு அட்டவணைப்படி அப்பாவுக்கு வர வேண்டியது, அது அம்மா பக்கம் போய்விட்டது. ஆக அம்மா 124, அப்பா 90. உங்கள் தங்கைதான் கஸ்டோடியல் பேரன்ட். இதே பயணத்தில் தங்கை போகாமல், பாட்டியோடு மட்டும் குழந்தையை அனுப்பியிருந்தால் கணக்கு வேறு. பெற்றோர் இருவருமே கூட இல்லாத இரவு, அன்று யாரிடம் இருந்திருக்க வேண்டுமோ அவருக்குப் போகும். அப்போது 107-க்கு 107, ஏஜிஐ அதிகம் என்பதால் மாப்பிள்ளைக்குப் போயிருக்கும். பாஸ்போர்ட் முத்திரை, போர்டிங் பாஸ், டிக்கெட் மெயில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைக்கச் சொல்லுங்கள்.

ஊர்ப் பயணத்தை ஈடுகட்ட அப்பாவுக்கு பிறகு கூடுதல் நாட்கள் கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து எண்ண வேண்டும். 124 என்பது நீங்கள் சொன்ன அட்டவணையை அப்படியே வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் நடந்ததை காலண்டரில் ஒவ்வொரு நாளாகக் குறித்தால்தான் தெரியும்.

இன்னொன்று. பெற்றோரில் ஒருவர் நைட் ஷிப்ட் வேலை பார்ப்பவர் என்றால் அவருக்கு இரவுக்குப் பதில் பகல்களை எண்ணும் விதி இருக்கிறது. நர்ஸ் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இது அடிக்கடி வரும். உங்கள் விஷயத்தில் தேவையில்லை.

---

கணக்குப்பிள்ளை:

ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் பற்றித் தனியாக எழுதுகிறேன். உண்மையில் பணம் அங்கேதான் இருக்கிறது.

டிசம்பர் 31 அன்று டைவர்ஸ் ஆகவில்லை, கோர்ட் உத்தரவுப்படியான சட்டபூர்வப் பிரிவும் இல்லை. அதனால் சட்டத்தின் கண்ணில் இருவரும் திருமணமானவர்கள். சிங்கிள் என்று போட முடியாது. கூட்டாகப் போடலாம், அல்லது மேரீட் ஃபைலிங் செபரேட்லி (திருமணமானவர்கள் தனித்தனியாகப் போடுவது). மூன்றாவது வழி, திருமணம் ஆகாதவராகக் கருதப்படும் விதியில் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட். அதற்குத் தனி ரிட்டர்ன் போட வேண்டும். வருடத்தின் கடைசி 6 மாதம் கணவனோ மனைவியோ அந்த வீட்டில் இருந்திருக்கக்கூடாது. அந்த வீடு பாதி வருடத்துக்கு மேல் குழந்தையின் முதன்மை வீடாக இருந்திருக்க வேண்டும். அந்த வீட்டை நடத்தும் செலவில் பாதிக்கு மேல் இவர் கட்டியிருக்க வேண்டும்.

கடைசி 6 மாதம் என்றால் ஜூலை 1 முதல். மாப்பிள்ளை மே 31-லேயே போய்விட்டதால் தப்பித்தது. ஜூலை 10 போயிருந்தால் 2025-க்கு இந்த வழி அடைபட்டிருக்கும். ஒரே வீட்டில் வேறு வேறு அறையில் இருந்தோம், பேச்சுவார்த்தையே இல்லை என்பதெல்லாம் செல்லாது. விசா ஸ்டாம்பிங்குக்கு ஊருக்குப் போய் மாட்டிக்கொண்டேன், ஆன்சைட்டில் இருந்தேன் என்பதும் தற்காலிகமாக வெளியே இருந்ததாகத்தான் கணக்கு. அது பிரிந்து வாழ்ந்ததாகாது.

செலவுக் கணக்கைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். பிரிந்த பிறகு மட்டும் என்று பார்க்காமல் முழு வருடத்துக்கும் போட வேண்டும். வாடகை 2,400, கரன்ட், கேஸ், இன்டர்நெட் 200, வீட்டில் சமைத்துச் சாப்பிடும் மளிகை 700 என்று வைத்துக்கொண்டால் மாதம் 3,300, வருடத்துக்கு 39,600. ஜனவரி முதல் மே வரை மாப்பிள்ளை கட்டியது 16,500. ஜூனிலிருந்து தங்கை கட்டியது 23,100, அதாவது 58 சதவீதம். தேறிவிட்டது. ஆனால் ஜூனுக்குப் பிறகும் இரண்டு மாத வாடகையை அவர் கணக்கிலிருந்து நேரே லீஸ் ஆபீசுக்குக் கட்டியிருந்தால் தங்கை பங்கு 18,300 ஆகிவிடும். பாதியான 19,800-ஐத் தொடாது. துணிமணி, ஸ்கூல் ஃபீஸ், டாக்டர் பில், கார், ஊருக்கு வந்த டிக்கெட் எதுவும் இந்தக் கணக்கில் வராது.

மாப்பிள்ளையால் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் போடவே முடியாது. அவருடைய புது அபார்ட்மென்ட்டில் குழந்தை தூங்கியது 90 இரவு. பாதி வருடம் என்றால் 183 வேண்டும். தங்கை எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் இது மாறாது. இந்தத் தகுதி கைமாறுகிற பொருளே இல்லை.

---

படிவப்பித்தன்:

மேலே சொன்னதோடு 8332 படிவம் பற்றிச் சேர்க்கிறேன். "ஒரு வருஷம் நான், ஒரு வருஷம் நீ" என்பதை ஐஆர்எஸ் ஏற்கும் ஒரே வழி இதுதான்.

கஸ்டோடியல் பேரன்ட் கையெழுத்திட்டுக் கொடுத்தால், மற்றவர் குழந்தையை டிபென்டென்ட் (தன்னைச் சார்ந்தவர்) ஆகக் காட்டி சைல்ட் டாக்ஸ் கிரெடிட் (குழந்தைக்காக வரியிலிருந்து நேரே கழியும் தொகை) எடுக்கலாம். 2025-க்கு அது குழந்தைக்கு 2,200 டாலர், வருடக் கடைசியில் 17 வயது ஆகியிருக்கக்கூடாது. டைவர்ஸ் ஆகியிருக்க வேண்டும் என்றில்லை. கடைசி 6 மாதம் தனித்தனியாக வாழ்ந்தாலே போதும். கல்யாணமே ஆகாத பெற்றோருக்கும் இதே விதிதான்.

படிவத்தில் மூன்று பகுதி. முதல் பகுதி ஒரே ஒரு வருடத்துக்கு. இரண்டாம் பகுதி வருங்கால வருடங்களுக்கு. மூன்றாம் பகுதி கொடுத்ததைத் திரும்பப் பெற. கொடுக்கிறவராக இருந்தால் எப்போதும் முதல் பகுதியில் மட்டும், வருடா வருடம் கையெழுத்துப் போடுங்கள். இரண்டாம் பகுதியில் "வருங்கால வருடங்கள் அனைத்தும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் பெற நினைத்தால் உடனே நடக்காது. 2026-இல் அறிவிப்புக் கொடுத்தால் 2027 வரி வருடத்திலிருந்துதான் செல்லும். அறிவிப்புக் கொடுத்ததற்கு அத்தாட்சியும் வைத்திருக்க வேண்டும், சர்டிஃபைட் தபால் ரசீது மாதிரி.

வாங்குகிறவராக இருந்தால் படிவத்தை ரிட்டர்னோடு இணைத்தே ஆக வேண்டும். இ-ஃபைல் செய்தால் சாஃப்ட்வேரில் பிடிஎஃப் இணைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ரிட்டர்ன் ஏற்கப்பட்ட 3 வேலை நாட்களுக்குள் 8453 படிவத்தின் பின்னால் வைத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். இதை மறந்துவிட்டு, கிரெடிட் போன பிறகு "கையெழுத்து வாங்கித்தானே வைத்திருக்கிறேன்" என்று சொல்பவர்கள் நிறைய.

வக்கீல் வரைவைப் பற்றி. 2008-க்குப் பிறகு வந்த தீர்ப்பு, ஒப்பந்தம் எதன் பக்கங்களையும் 8332-க்குப் பதிலாக இணைக்க முடியாது. "இரட்டைப்படை வருடம் தந்தைக்கு" என்று நீதிபதியே எழுதியிருந்தாலும், தாய் 8332 கொடுக்கவில்லை என்றால் ஐஆர்எஸ் தந்தைக்குத் தராது. அவர் மறுபடி குடும்ப நீதிமன்றத்துக்குப் போய், உத்தரவை மதிக்கவில்லை என்று அங்கேதான் கேட்க வேண்டும். ஆகவே வரைவில் வெறுமனே வருடத்தைப் பிரிக்காமல், எந்தத் தேதிக்குள் 8332 முதல் பகுதி கையெழுத்தாகிக் கொடுக்கப்பட வேண்டும், சைல்ட் சப்போர்ட் பாக்கி இருந்தால் என்ன என்று எழுதச் சொல்லுங்கள். ஜனவரி 31 என்று வைத்தால் இருவருக்கும் வசதி.

கையெழுத்துப் போட்டாலும் போகாதவை: ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட், சைல்ட் அண்ட் டிபென்டென்ட் கேர் கிரெடிட் (பராமரிப்புச் செலவுக்கானது), இஐடிசி (குறைந்த சம்பளக்காரர்களுக்கான கிரெடிட்). இஐடிசி உங்கள் தங்கை சம்பளத்துக்கு எப்படியும் கிடையாது. இந்த மூன்றும் கஸ்டோடியல் பேரன்ட்டோடு ஒட்டிக்கொண்டவை. மருத்துவச் செலவு மட்டும் விதிவிலக்கு. யார் காட்டினாலும், அவரவர் கட்டிய டாக்டர் பில்லை அவரவர் கணக்கில் எடுக்கலாம்.

---

தென்காசிக்காரன்:

ரொம்ப நன்றி. கூட்டாகப் போட்டால் லாபமா என்பதற்கு யாராவது சொல்லுங்கள். கல்யாணமானவர்களுக்குக் கூட்டாகப் போடுவதுதான் எப்போதும் நல்லது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த எஃப்எஸ்ஏ என்ன ஆகும்?

---

கணக்குப்பிள்ளை:

எப்போதும் இல்லை. நீங்கள் சொன்ன சம்பளத்தை வைத்தே போட்டுப் பார்ப்போம், வேறு வருமானம் இல்லை, இருவரும் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (வருமானத்தில் கழிக்கும் நிலையான தொகை) என்று வைத்துக்கொண்டு.

கூட்டாக: 2,30,000-இல் 31,500 கழித்தால் 1,98,500. வரி 33,498. கிரெடிட் 2,200 போக 31,298.

தனித்தனியாக: தங்கை ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட், 90,000-இல் 23,625 கழித்தால் 66,375. வரி ஏறக்குறைய 7,778. மாப்பிள்ளை செபரேட்லி, 1,40,000-இல் 15,750 கழித்தால் 1,24,250. வரி 22,667. இரண்டும் சேர்த்து 30,445, கிரெடிட் 2,200 போக 28,245.

தனித்தனியாகப் போடுவதுதான் 3,000 டாலர் சொச்சம் குறைவு. 23,625-ஐயும் 15,750-ஐயும் கூட்டினால் 39,375, கூட்டு ரிட்டர்னின் 31,500-ஐ விட அதிகம் என்பதுதான் காரணம். ஒருவருக்குச் சம்பளம், மற்றவருக்கு வருமானமே இல்லை என்றால் கதை தலைகீழ். அங்கே கூட்டாகப் போடுவது குறைவாக வரும்.

இதையும் பாருங்கள். தங்கைக்கு ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் கிடைக்காமல் செபரேட்லி போட்டால் அவள் வரி 11,249. அதாவது அந்த ஒரு தகுதிக்கு மதிப்பு 3,471 டாலர். எல்லோரும் அடித்துக்கொள்ளும் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் 2,200 தான். பேச்சுவார்த்தையில் சமாதானத்துக்காக 2,200-ஐ விட்டுக்கொடுத்து 8332 கொடுத்தாலும் 3,471 தங்கையிடமே இருக்கும். மாப்பிள்ளைக்கு இது தெரிந்தால் அவரும் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் ஆசையை விட்டுவிட்டு இதைத்தான் கேட்பார். இருவர் மொத்த வரியும் மாறாது, 2,200 யார் பையில் விழுகிறது என்பதுதான் மாறும். தனி ரிட்டர்னில் வருமானம் 2,00,000 தாண்டினால் ஒவ்வொரு 1,000-க்கும் 50 டாலர் குறைந்து, ஒரு குழந்தைக்கு 2,44,000-க்குள் முழுதும் கரைந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு 8332 கொடுப்பது கிரெடிட்டைத் தூக்கிக் குப்பையில் போடுவது மாதிரி.

கூட்டாகப் போடுவதில் வரியைத் தாண்டி இன்னொரு சிக்கல். கையெழுத்திட்ட இருவருமே முழு வரிக்கும் பொறுப்பு. அவர் ஸ்டாக் விற்றதைக் காட்டவில்லை, ஊரில் வட்டி வருமானம் மறைத்தார் என்றால் பாக்கி தங்கையையும் தேடி வரும். 8857 படிவத்தில் விலக்குக் கேட்கலாம், ஆனால் தெரியாது என்று நிரூபிக்கும் சுமை அவளுடையது. அதோடு, தனியாகப் போட்டதை 3 வருடத்துக்குள் கூட்டாக மாற்றலாம். கூட்டாகப் போட்டதை கெடு தேதிக்குப் பிறகு தனித்தனியாக மாற்ற முடியாது. சந்தேகம் இருந்தால் எந்தப் பக்கம் தொடங்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

எஃப்எஸ்ஏ: மாப்பிள்ளையின் டபிள்யூ-2-வில் (ஆபீஸ் தரும் வருடச் சம்பளப் படிவம்) 10-ஆம் கட்டத்தில் 5,000 என்று இருக்கும். அவர் கஸ்டோடியல் பேரன்ட் இல்லை. 8332 கையில் இருந்தாலும் இந்த விஷயத்தில் குழந்தை அவருடைய தகுதியான நபர் ஆகாது. 2441 (பராமரிப்புச் செலவுப் படிவம்) மூன்றாம் பகுதி போட்டால் அந்த 5,000 அப்படியே 1040-இல் (முக்கிய ரிட்டர்ன் படிவம்) 1இ வரிசைக்கு வந்து வருமானமாகிவிடும். அவருடைய 24 சதவீத அடுக்கில் 1,200 டாலர். மேலே நான் போட்ட கணக்கில் இது இல்லை. சாஃப்ட்வேரில் குழந்தை யாரிடம் அதிக இரவு என்ற கேள்விக்குத் தப்பான பதில் கொடுத்தால் இது வரியில்லாமல் நழுவிவிடும், பிறகு நோட்டீஸில் திரும்பி வரும். 2026-க்கு பிரிவு நீடிக்கும் என்றால் அவர் அந்தப் பிடித்தத்தை நிறுத்திவிட்டு, தங்கை ஆபீஸில் இருந்தால் அங்கே எடுப்பதுதான் சரி.

ஸ்கூல் முடிந்த பிறகான கேர், கோடைக்கால டே கேம்ப் எல்லாம் தங்கை ஜூனிலிருந்து கட்டியிருந்தால் அவள் 2441-இல் 3,000 டாலர் வரை காட்டி 20 சதவீதம், அதாவது 600 கிரெடிட் எடுக்கலாம். இரவு தங்கும் கேம்ப் செல்லாது. கேர் கொடுத்தவரின் வரி எண் வேண்டும், இப்போதே வாங்கி வைக்கட்டும்.

---

டல்லாஸ் வெயில்:

எல்லாம் சரி, ஒரு விஷயம் விட்டுப்போச்சு. 2025-லிருந்து சைல்ட் டாக்ஸ் கிரெடிட் எடுக்க குழந்தைக்கு மட்டுமில்லை, எடுக்கிற பெற்றோருக்கும் வேலைக்குச் செல்லுபடியாகும் எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) வேணும். கூட்டு ரிட்டர்ன்னா இருவரில் ஒருத்தருக்கு இருந்தால் போதும். இவர் தங்கைக்கு இஏடி இருக்கு, அதில் வாங்கின எஸ்எஸ்என் சரிதான். அட்டையில் டிஹெச்எஸ் (உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை) அனுமதி இருந்தால் மட்டும்தான் வேலைன்னு அச்சடிச்சிருந்தாலும் அந்த அனுமதி செல்லுபடியில் இருக்கிற வரை பிரச்சனை இல்லை.

ஆனா இஏடி இல்லாத ஹெச்-4 பெண்கள் நிறைய பேர் ஐடிஐஎன்-இல் (எஸ்எஸ்என் கிடைக்காதவங்களுக்கான வரி எண்) இருக்காங்க. அவங்க தனியா ரிட்டர்ன் போட்டால், குழந்தை அமெரிக்கக் குடிமகளா இருந்தாலும் 2,200 கிடைக்காது. மற்ற டிபென்டென்ட்களுக்கான 500 டாலர்தான். அந்த நிலைமையில் எஸ்எஸ்என் இருக்கிற கணவருக்கு 8332 கொடுத்து, 2,200-ஐ அவர் எடுக்கட்டும், அதை எப்படிப் பகிர்வதுன்னு ஒப்பந்தத்தில் எழுதிக்கலாம். கோபத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்தால் இரண்டு பேருக்குமே நஷ்டம்.

ஊரில் பிறந்து ஹெச்-4-இல் வந்த குழந்தைக்கு ஐடிஐஎன் என்றால் யார் காட்டினாலும் 500 தான், அதில் மாற்றமில்லை.

---

வடபழனி வாசகர்:

இதோடு சேர்ந்த ஒரு கேள்வி. மனைவி 2025 பிப்ரவரியில் குழந்தையோடு கோயம்புத்தூர் வந்துவிட்டார், குழந்தையை இங்கேயே ஸ்கூலில் சேர்த்தாயிற்று. கணவர் அமெரிக்காவில், மாதம் பணம் அனுப்புகிறார். குழந்தை அமெரிக்கக் குடிமகன். அவர் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் போட்டு 2,200 எடுக்கலாமா?

---

டல்லாஸ் வெயில்:

ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் கிடையாது. குழந்தை அவர் வீட்டில் பாதி வருடத்துக்கு மேல் இருக்கவில்லை. ஸ்கூலில் சேர்த்துட்டதால லீவுக்கு ஊருக்குப் போன மாதிரி தற்காலிகம்னு சொல்லவும் முடியாது. அதே காரணத்தால் அவருடைய பக்கத்திலிருந்து 2,200-ம் நேரடியாக வராது.

மனைவி 8332 கொடுக்கலைன்னா மிச்சம் இருப்பது 500 டாலர் கிரெடிட், தகுதியான உறவினர் என்ற வகையில். அதுக்கு இரண்டு நிபந்தனை முக்கியம். மனைவி அமெரிக்க ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயத்தில் இருக்கக்கூடாது, போட்டிருக்கவும் கூடாது. பிடித்த வரியைத் திரும்ப வாங்க மட்டும் போட்டிருந்தால் பரவாயில்லை. கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்து வருமானமும் இருந்தால் எந்த ஊரில் இருந்தாலும் அந்தக் கட்டாயம் வந்துடும். இரண்டாவது, குழந்தையின் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அப்பா கொடுத்திருக்கணும்.

இந்தப் பாதிக் கணக்கில்தான் தப்பு நடக்குது. அனுப்பின பணம் மட்டும் கணக்கில்லை. தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன வருமோ அதில் குழந்தையின் பங்கு, அவங்க கொடுத்ததாகச் சேரும். சாப்பாடு, ஸ்கூல் ஃபீஸ், வேன், டாக்டர் எல்லாம் ஒரு தாளில் எழுதி, யார் கொடுத்தாங்கன்னு பக்கத்தில் போடுங்க. அப்பா பங்கு 50 சதவீதத்தைத் தாண்டணும். பேங்க் வழி அனுப்பின ரசீது வேணும், யாரோ கையில் கொடுத்தனுப்பினது நிரூபிக்க முடியாது.

இந்தியக் குடியுரிமை உள்ள குழந்தை இந்தியாவிலேயே வாழ்ந்தால் 500-ம் கிடையாது. அமெரிக்கக் குடிமகன், அல்லது அமெரிக்க வரிக் கணக்கில் ரெசிடென்ட், இதில் ஏதாவது ஒண்ணு வேணும்.

---

தென்காசிக்காரன்:

கடைசியாக ஒன்று. மாப்பிள்ளை ஜனவரி கடைசியிலேயே முந்திக்கொண்டு குழந்தையைக் காட்டி ஃபைல் செய்துவிட்டதாகச் சொல்கிறார். முதலில் போட்டவருக்குத்தான் போகுமா?

---

படிவப்பித்தன்:

முந்துவதால் உரிமை வராது, தற்காலிகமாக ரீஃபண்ட் மட்டும்தான் வரும்.

தங்கை இ-ஃபைல் செய்யும்போது ஆர்0000-507-01 என்ற எண்ணோடு நிராகரிப்பு வரும். குழந்தையின் எஸ்எஸ்என் ஏற்கனவே வேறு ரிட்டர்னில் இருக்கிறது என்று அர்த்தம். பயந்துபோய் குழந்தையை எடுத்துவிட்டு அனுப்பக்கூடாது, அதுதான் பலர் செய்யும் தப்பு. தங்கை ஐஆர்எஸ் தளத்தில் தன் பெயரில் ஐபி பின் (அடையாளத்தை உறுதிசெய்யும் ரகசிய எண்) வாங்கி, அந்த 6 இலக்க எண்ணைப் போட்டு மறுபடி அனுப்பினால், குழந்தை வேறு இடத்தில் இருந்தாலும் ரிட்டர்னை ஏற்றுக்கொள்கிறார்கள். 2025 ஃபைலிங் சீசனில் இருந்து இந்த வசதி. அதற்கு முன்பெல்லாம் காகிதத்தில் அனுப்புவது ஒன்றே வழி.

பிறகு சில மாதம் கழித்து இருவருக்கும் சிபி87ஏ நோட்டீஸ் வரலாம். வேறு ஒருவரும் இதே எண்ணைக் காட்டியிருக்கிறார், சரிபாருங்கள் என்று இருக்கும். தன் பக்கம் சரி என்றால் தங்கை எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. தப்பாகக் காட்டியவர் 1040-எக்ஸ் போட்டுத் திருத்தி வட்டியோடு கட்டிவிட்டால் விஷயம் அங்கேயே முடியும். இருவரும் பிடிவாதமாக இருந்தால் தபால் வழித் தணிக்கை. அப்போது 886-ஹெச்-டெப் என்ற தாளில் கேட்கிற ஆவணங்களை அனுப்ப வேண்டும்.

அதில் எடுபடுவது, பள்ளி லெட்டர்ஹெட்டில் குழந்தை பெயர், பெற்றோர் பெயர், முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதிய கடிதம். குழந்தை மருத்துவர், டேகேர் தரும் கடிதமும் அப்படித்தான். சொந்தக்காரர் எழுதிக் கொடுப்பதற்கு மதிப்புக் குறைவு. கோர்ட்டின் அட்டவணையை மட்டும் அனுப்பினால் போதாது, அது நடந்திருக்க வேண்டியதைச் சொல்கிறது, நடந்ததைச் சொல்லவில்லை. இரவுக் காலண்டரும், கொண்டு விட்ட, கூட்டிப் போன வாட்ஸாப் செய்திகளும் இங்கே கைகொடுக்கும்.

தெரிந்தே தவறாகக் காட்டினவருக்குப் பணம் திரும்பக் கட்டுவதோடு முடியாது. 20 சதவீத அபராதம் வரலாம். விதியை அலட்சியம் செய்தார் என்று முடிவானால் 2 வருடம் அந்தக் கிரெடிட்டுக்குத் தடை, மோசடி என்றால் 10 வருடம். ஒருமுறை மறுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கும்போது 8862 இணைக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். ஏப்ரல் 15-க்குள் அவரே திருத்திவிட்டால் நல்லது.

அவர் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டும் போட்டிருந்தால் அதையும் செபரேட்லி என்று மாற்றச் சொல்லுங்கள். 8332 கொடுத்துச் சமாதானம் ஆனாலும் அந்தத் திருத்தம் தனியாக வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை:

ஏப்ரல் 15-க்குள் இழுபறி தீராது போலிருந்தால் தங்கை 4868 போட்டு அக்டோபர் 15 வரை நேரம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வரி பாக்கி இருந்தால் அதை ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும், நீட்டிப்பு காகிதத்துக்குத்தான், பணத்துக்கு இல்லை.

இருவரும் ஆபீஸில் கொடுத்த டபிள்யூ-4-ஐயும் (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் படிவம்) ஒருமுறை பாருங்கள். மூன்றாம் படியில் இரண்டு பேரும் குழந்தைக்கான தொகையை எழுதியிருந்தால் இருவர் சம்பளத்திலும் வரி குறைவாகப் பிடித்திருப்பார்கள். ஒருவருக்கு ஏப்ரலில் கட்ட வேண்டி வரும். 2026-க்கு யார் காட்டப்போகிறார்களோ அவர் டபிள்யூ-4-இல் மட்டும் அது இருக்கட்டும்.